பிரசவ வேதனையும் சீனத்து ஊசியும்

சென்ற வருஷம் ஆவணி மாதத்தில் ஒரு நாள் மாலை, நாம் பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பிச் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டுக் காபிக்கு உட்கார்ந்தோம். காபி வருவதற்கு முன்னால் நம் தமக்கை வந்தாள். வந்தவள் ஒரு கடிதத்தை நம் முன் நீட்டி, "நீ படித்தவன் ஆயிற்றே, இதற்கு நீயே ஒரு பதில் எழுது" என்றாள். அவள் குரலில் கோபமும் பயமும் கலந்திருந்தன. எது அதிகம் என்று அப்போது நமக்குத் தெரியவில்லை.

கடிதம் ஸ்வீடன் தேசத்திலிருந்து வந்தது. தமக்கையின் ஒரே மகள் கல்யாணமாகிப் புருஷனுடன் அங்கே வாசம் செய்கிறாள். கார்த்திகையில் தலைப்பிரசவம். அவள் சென்று வரும் ஆஸ்பத்திரியில், வேதனை மிகும்போது என்ன வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டுக் குறித்துக் கொள்கிறார்களாம். மூச்சோடு இழுக்கும் வாயுவா, வெந்நீர்த் தொட்டியா, முதுகில் செலுத்தும் மருந்தா, அல்லது அக்குபங்சர் என்னும் சீனத்து ஊசியா? "ஊசி வைத்துக் கொள்ளலாமா என்று மாமாவைக் கேட்டு எழுது, அம்மா" என்று பெண் முடித்திருந்தாள்.

"ஏண்டா, இடுப்பு நோவெடுத்துத் துடிக்கிறவளை ஊசியால் வேறு குத்துவார்களா? இது என்ன தேசம்?" என்றாள் தமக்கை.

நாம் வைத்தியர் அல்ல. பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் சொல்லிக் கொடுக்கும் உபாத்தியாயர். அதிலும் ஆண்பிள்ளை. பிரசவ அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து நகத்தைக் கடிப்பதற்கு மேல் அந்த விஷயத்தில் நமக்கு அநுபவம் கிடையாது. ஆயினும் குடும்பத்தில் படித்தவன் என்று பெயர் வாங்கியாகிவிட்டது. ஆகையால் படிக்க வேண்டியதாயிற்று. பத்து நாள் படித்ததில் கிடைத்ததை நமது வாசகர்களுக்கும் சொல்லலாம் என்றே இதை எழுதுகிறோம்.

முதலில் நம்மைத் திடுக்கிடச் செய்தது ஊசி அல்ல. பிரசவ வேதனையைத் தணிக்க முயல்வதே ஒரு காலத்தில் பாபமாக எண்ணப்பட்டது என்னும் செய்திதான். ஸ்காட்லாந்தின் தலைநகரமான எடின்பரோவில் 1591-ம் வருஷம் ஒரு சீமாட்டியை உயிரோடு எரித்தார்கள். அவள்மீது சாட்டப்பட்ட சூனியக் குற்றங்களின் நீண்ட ஜாபிதாவில், பிரசவ வேதனையைப் போக்கிக் கொள்ள உபாயம் தேடினாள் என்பதும் ஒன்று. அதே எடின்பரோவில், இருநூற்றைம்பத்தாறு வருஷங்களுக்குப் பிறகு, 1847 ஜனவரியில் ஜேம்ஸ் யங் ஸிம்ஸன் என்ற வைத்தியர் பிரசவத்தில் ஈதரை உபயோகித்தார். அவ்வருஷம் நவம்பரில் குளோரோபாரத்தையும் உபயோகித்தார். வேதனையோடு பிள்ளை பெற வேண்டும் என்பது தெய்வ சங்கற்பம், அதில் மனிதன் கை வைக்கலாமா என்று கேட்டவர்கள் இருந்தார்கள். 1853-ல் விக்டோரியா மகாராணி தம் எட்டாவது குழந்தையைப் பெறும்போது ஜான் ஸ்நோ என்னும் டாக்டரிடம் குளோரோபாரம் வாங்கி முகர்ந்தார். ராணியே முகர்ந்த பிறகு ஆட்சேபம் சொல்ல யாருக்குத் துணிவு வரும்? தெய்வ சங்கற்பம்கூட அரண்மனை வாசலில் சற்றுத் தயங்கி நிற்கும் போலும்!

அதன்பின் மருந்துகள் பல வந்தன. எல்லாவற்றுக்கும் ஒரு விலை உண்டு. பெத்திடின் என்ற மருந்து தாயின் ரத்தத்திலிருந்து சிசுவுக்கும் போய்விடுகிறது. பிறந்த குழந்தை சோம்பிக் கிடக்கலாம், மூச்சு விடவும் தயங்கலாம். முதுகெலும்பின் இடுக்கில் மெல்லிய குழாயைச் செலுத்தி மருந்து விடும் எபிடூரல் முறைதான் இன்று வேதனையைத் தீர்ப்பதில் எல்லாவற்றிலும் வல்லது. அதனால் வயிற்றைக் கீறும் சிகிச்சை அதிகமாவதில்லை என்று தேர்ந்துவிட்டது. ஆனால் குழந்தையை வெளியே தள்ளும் கடைசிக் கட்டம் நீளுகிறது; கால்கள் கனத்துப் போகலாம்; ஜுரம் காணலாம். அதைச் செலுத்த மயக்க மருந்து நிபுணர் ஒருவரும் வேண்டும். இந்தக் காரணங்களால்தான், மருந்தில்லாமல் நோவைக் குறைக்க வழி உண்டா என்ற தேட்டம் மேனாட்டில் எழுந்தது. அந்தத் தேட்டம் சீனத்து ஊசியிடம் போய்ச் சேர்ந்தது.

சீனர்கள் ஊசியால் வைத்தியம் செய்வது ஈராயிரம் வருஷத்துக்கும் மேற்பட்ட வழக்கம். அவர்களுடைய சரித்திர நூலொன்றில் பயங்கரமான ஒரு கதை உண்டு. ஐந்தாம் நூற்றாண்டில், லியூ ஸுங் வமிசத்து இளம் அரசன் ஒருவன் தன் வைத்தியரான ஷூ வென்போவுடன் நந்தவனத்தின் வாசலில் ஒரு கர்ப்பிணியைக் கண்டான். அரசனுக்கும் நாடி பார்க்கத் தெரியும். "வயிற்றில் இருப்பது பெண்" என்றான். வைத்தியர், "இரட்டை, ஒன்று ஆண், ஒன்று பெண்" என்றார். யார் சொன்னது மெய் என்று பார்க்க, அந்தப் பேதையின் வயிற்றைப் பிளக்கச் சொன்னான் அரசன்! வைத்தியர் மனம் பதறி, கத்தி வேண்டாம் என்று கெஞ்சி, கையில் ஓரிடத்திலும் காலில் ஓரிடத்திலும் ஊசியை ஏற்றினார். கரு உடனே இறங்கிற்று. அவர் சொன்னபடி இரட்டைதான்.

கதை உண்மையோ அன்றோ, அந்த இரண்டு இடங்களைக் கவனியுங்கள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேரும் சதைப்பகுதியில் இருக்கும் 'ஹகு' என்பது ஒன்று. உள்கணுக்காலுக்கு நாலு விரற்கடை மேலே இருக்கும் 'ஸான்யின்ஜியாவ்' என்பது மற்றொன்று. இன்று ஐரோப்பிய ஆஸ்பத்திரிகளில் பிரசவத்தின்போது ஊசி வைக்கும் இடங்களில் முக்கியமானவை இவ்விரண்டுமே. மாதம் நிரம்பாத கர்ப்பிணிகளுக்கு இவ்விடங்களைத் தீண்டலாகாது என்று ஊசி வைத்தியர்கள் இன்றும் விலக்கி வைப்பதும் அந்தப் பழைய நம்பிக்கையினால்தான்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. பழைய சீனத்து வைத்தியர்கள் பிரசவத்தில் ஊசியை நாடியது பெரும்பாலும் தாமதமான பேற்றைத் துரிதப்படுத்தவும், நஞ்சுக்கொடி இறங்காமல் நின்றால் இறக்கவுமே. நோவைத் தணிப்பதற்கு என்பது புதிய எண்ணம். "ஐயாயிரம் வருஷத்து அநுபவம்" என்று விளம்பரம் செய்கிறவர்களை வாசகர்கள் இந்த இடத்தில் சற்று நிறுத்திக் கேட்கலாம். சீனத்திலேயே 1822-ல் தாவோகுவாங் சக்கரவர்த்தி அரண்மனை வைத்தியக் கழகத்திலிருந்து ஊசியைத் தள்ளி வைத்தார். மக்கள் சீனம் தோன்றிய பின்பே அதற்கு மறுபடி மரியாதை ஏற்பட்டது. 1958-ல் ஷாங்காய் நகரத்தில் மயக்க மருந்தில்லாமல் ஊசியை மட்டும் வைத்துத் தொண்டைச் சதையை அறுத்தெடுத்தார்கள். சத்திரசிகிச்சையிலும் வலி தெரியாமல் செய்யலாம் என்ற எண்ணம் அங்கிருந்து பரவிற்று.

மேனாட்டார் காதில் இது விழுந்தது 1971-ல். நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையின் ஜேம்ஸ் ரெஸ்டன் பீகிங் நகரில் இருந்தபோது அவருக்குக் குடல்வால் நோய் கண்டது. ஊசியால் மரத்துப்போகச் செய்து அவருக்கு ஆபரேஷன் செய்தார்கள் என்று பலர் இன்றும் சொல்லக் கேட்கிறோம். அவர் எழுதியது அதுவன்று. ஆபரேஷன் வழக்கமான மருந்து கொண்டே நடந்தது. பிறகு வயிறு உப்பி வேதனைப்பட்டபோது முழங்கையிலும் முழங்கால்களின் கீழும் மூன்று ஊசிகளை வைத்தார்கள், உபாதை தணிந்தது. அவ்வளவுதான். செய்தி கடல் தாண்டும்போது சற்றுப் பருத்துவிடுகிறது.

ஆனால் ரெஸ்டனுக்கு வெகு முன்பே இந்த ஊசி நம் பாரத தேசத்துக்கு வந்துவிட்டது என்பது பலருக்குத் தெரியாது. 1938-ல், ஸுபாஷ் சந்திர போஸ் காங்கிரஸ் அக்கிராசனராக இருந்த வருஷத்தில், ஜப்பானியப் படையெடுப்பால் துன்புற்ற சீனத்துக்குக் காங்கிரஸ் ஐந்து டாக்டர்களை அனுப்பிற்று. அவர்களில் துவாரகநாத் கோட்னீஸ் 1942-ல் அங்கேயே உயிர் நீத்ததைப் பலரும் அறிவர். திரும்பி வந்தவர்களில் ஒருவரான டாக்டர் விஜயகுமார் பாஸு, 1950-களின் இறுதியில் மறுபடியும் சீனம் சென்று ஊசி வைத்தியத்தைக் கற்றுக்கொண்டு கல்கத்தாவில் அதைத் தொடங்கினார். அடிமை நாட்டினர் சிலர், துன்புறும் அண்டை நாட்டுக்கு உதவப் போனதில் கிடைத்த பிரதியுபகாரம் இது. இதைத் தமக்கையிடம் சொன்னோம். "அதெல்லாம் சரி, வலிக்குமா, வலிக்காதா?" என்றாள்.

நியாயமான கேள்வி. ஊசி என்றதும் நாம் எண்ணுவது மருந்து ஏற்றும் குழல் ஊசி. இது அதுவன்று. உள்ளே துவாரம் கிடையாது. பருமன் ஒரு மில்லிமீட்டரில் கால் பங்கு. மயிரிழையைவிடச் சற்றுத் தடிப்பு என்று சொல்லலாம். குத்தும்போது சுருக்கென்றால் உண்டு. பிறகு அந்த இடத்தில் ஒரு கனம், ஒரு மந்தமான குடைச்சல் வரவேண்டுமாம். அது வந்தால்தான் ஊசி சரியான இடத்தில் நிற்கிறது என்பது அவர்கள் சித்தாந்தம். கையிலும், காலிலும், இடுப்பின் கீழ்ப்புறத்திலும் ஊசிகளை வைத்து, சுமார் அரை மணி, முக்கால் மணி விட்டுவிடுவார்கள். அவ்வப்போது விரலால் திருகுவார்கள். சிலர் ஊசியில் மெல்லிய கம்பியை மாட்டிச் சிறிய மின்சாரத் துடிப்பைச் செலுத்துகிறார்கள். ஒருவருக்கு வைத்த ஊசியை மற்றொருவருக்கு வைப்பதில்லை, எறிந்துவிடுகிறார்கள்.

காலில் குத்தினால் இடுப்பு நோவு எப்படித் தணியும்? சீனர்கள் 'சீ' என்னும் பிராண சக்தி நாடிகளில் ஓடுவதாகச் சொல்கிறார்கள். சரீர சாஸ்திரிகள் அப்படி ஒரு நாடியை இன்றளவும் கண்டாரில்லை. ஆனால் வேறு இரண்டு விஷயங்களைக் கண்டார்கள். 1965-ல் மெல்ஸாக், வால் என்ற இருவர், முதுகுத் தண்டில் வலியை உள்ளே விடும் ஒரு 'கதவு' இருப்பதாகவும், வேறு ஸ்பரிச உணர்ச்சிகள் நுழைந்தால் அக்கதவு பாதி சாத்திக் கொள்வதாகவும் சொன்னார்கள். முட்டியில் அடிபட்ட குழந்தை அவ்விடத்தைப் பரபரவென்று தேய்ப்பது இதனால்தான். இரண்டாவது, 1975-ல் மூளையே அபின் போன்ற ஒரு வஸ்துவைச் சுரக்கிறது என்று கண்டுபிடித்தார்கள். பீகிங்கில் ஹான் ஜிஷெங் என்பவர் ஊசி வைத்த முயலின் மூளை நீரை எடுத்து ஊசி வைக்காத முயலுக்குச் செலுத்த, அதற்கும் வலி மந்தித்தது. அமெரிக்காவில் 1977-ல், ஹகு என்னும் அந்தக் கைப்புள்ளியில் ஊசி வைத்துப் பல்வலி தணிந்தவர்களுக்கு, அபினை முறிக்கும் மருந்தைக் கொடுத்தார்கள்; வலி திரும்பி வந்தது. பின்னால் இப்படிச் செய்த சோதனைகள் எல்லாம் ஒரே விடையைத் தரவில்லை. ஆகவே இதை முடிந்த முடிவாகக் கொள்ள வேண்டாம். பாதி திறந்த கதவு என்று வைத்துக் கொள்ளலாம்.

இனி நாம் தேடிய விஷயத்துக்கு வருவோம். மெய்யாகவே பிரசவ வேதனை தணிகிறதா?

அமெரிக்காவில் 1974-ல் வெளிவந்த ஒரு பரிசோதனையில், ஊசி வைத்துக் கொண்ட தாய்மாரில் மிகப் பெரும்பாலோர் பயனில்லை என்று சொல்லிவிட்டார்கள். அதோடு பலர் இதை மூட்டை கட்டி வைத்தார்கள். ஸ்வீடன், நார்வே முதலிய வட நாடுகளில் மருத்துவச்சிகள் அப்படி விடவில்லை. தாங்களே கற்றுக்கொண்டு உபயோகித்தார்கள். 2002-ல் வெளியான ஸ்வீடன் பரிசோதனை ஒன்றில் தொண்ணூறு பெண்கள் சீட்டுப் போட்டதுபோல் இரு பிரிவாகப் பிரிக்கப்பட்டனர். ஊசி வைத்துக் கொண்டவர்களில் நூற்றுக்குப் பன்னிரண்டு பேரே முதுகு மருந்தை நாடினார்கள். மற்றப் பிரிவில் இருபத்திரண்டு பேர். ஆனால் வலி எவ்வளவு என்று கேட்டபோது இரு பிரிவாரும் ஏறக்குறைய ஒரே அளவைச் சொன்னார்கள்! ஊசி வைத்தவர்கள் உடம்பு தளர்ந்து நிம்மதியாக இருந்ததாக மட்டும் சொன்னார்கள்.

2014-ல் இன்னும் பெரிய பரிசோதனை. தலைப்பிரசவத்துப் பெண்கள் 303 பேர். அதிலும் இதே விநோதம். சராசரி வலியில் வித்தியாசமில்லை. ஆனால் முதுகு மருந்து கேட்டவர்கள், ஊசியே இல்லாதவர்களில் நூற்றுக்கு எழுபது; கையால் திருகும் ஊசியில் அறுபத்தொன்று; மின்சார ஊசியில் நாற்பத்தாறு. 2020-ல் உலகத்துப் பரிசோதனைகளையெல்லாம் திரட்டிச் சீர்தூக்கினார்கள். மொத்தம் இருபத்தெட்டு, ஊசியில்லாமல் விரலால் அழுத்தும் முறையும் அவற்றில் சேர்த்தி, பெண்கள் 3960 பேர். பொய் ஊசியோடு ஒப்பிடும்போது மெய் ஊசி வலியின் அளவை அதிகம் மாற்றவில்லை. ஆனால் திருப்தி அதிகம், மருந்துத் தேவை குறைவு என்று இருக்கலாம் என்றார்கள். 'இருக்கலாம்' என்பதை நாம் கூட்டவில்லை. அவர்களே அவ்வளவு ஜாக்கிரதையாகத்தான் சொல்கிறார்கள். இங்கிலாந்தின் 'நைஸ்' என்னும் வழிகாட்டும் ஸ்தாபனம், ஆஸ்பத்திரிகள் தாமாக இதை அளிக்க வேண்டாம், விரும்பி ஏற்பாடு செய்துகொள்ளும் பெண்ணைத் தடுக்கவும் வேண்டாம் என்று இரண்டையும் சொல்லி வைத்தது.

வலி அதே அளவு. ஆனால் தாங்க முடிகிறது. இது எப்படி? பல நாள் இதை எண்ணிக் கொண்டிருந்தோம். ஊசி வைக்கும் மருத்துவச்சி என்ன செய்கிறாள் என்று பாருங்கள். அருகில் உட்காருகிறாள். கையைப் பிடித்துப் புள்ளியைத் தேடுகிறாள். "கனமாக இருக்கிறதா?" என்று கேட்கிறாள். போய்விட்டுத் திரும்பி வருகிறாள், ஊசியைத் திருகுகிறாள், மறுபடி கேட்கிறாள். ஊசியின் குணத்தில் எவ்வளவு பங்கு உலோகத்துக்கு, எவ்வளவு பங்கு அந்தக் கைக்கு என்று பிரிப்பது எளிதல்ல. பொய் ஊசி வைத்தவளும் பக்கத்தில்தானே உட்கார்ந்திருந்தாள்? 2017-ல் வேறொரு திரட்டு வெளிவந்தது. அதில் ஊசியே கிடையாது. பிரசவம் முழுவதும் ஒரு துணை விடாமல் கூட இருந்தால் என்ன ஆகும் என்பதே கேள்வி. இருபத்தாறு பரிசோதனைகள், 15,858 பெண்கள். துணை இருந்தவர்களுக்குப் பிரசவ நேரம் குறைந்தது. வயிற்றைக் கீறுவது குறைந்தது. வலி மருந்தும் குறைந்தது.

திருச்சிராப்பள்ளி மலைமேல் இருக்கும் சுவாமிக்குத் தாயுமானவர் என்று ஏன் பெயர் வந்தது? காவேரியில் வெள்ளம், தாய் இக்கரைக்கு வர முடியவில்லை, நோவெடுத்த மகளுக்கு அருகில் சிவபெருமானே தாய் வடிவில் வந்து இருந்தார் என்பது ஐதிகம். நோவை மாயமாகப் போக்கினார் என்பதைவிட, கூட இருந்தார் என்பதையே நம் ஜனங்கள் பெரிதாகக் கொண்டாடினார்கள். இந்த ஐதிகம் வழங்கும் நாட்டில்தான் பிரசவ அறைக் கதவை அடைத்து, தாயாரையும் தமக்கையையும் வெளியே நிறுத்தும் வழக்கம் வெகுகாலம் இருந்தது. தமிழ்நாட்டு அரசாங்க ஆஸ்பத்திரிகளில் ஒரு பெண் துணையை உள்ளே விடும் திட்டம் 2004-ல்தான் வந்தது.

இவற்றையெல்லாம் பதிலாக எழுதித் தமக்கைக்குப் படித்துக் காட்டினோம். துணையைப் பற்றிய பகுதி வந்ததும் அவள் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். இருபத்தாறு வருஷத்துக்கு முன், இந்தப் பெண்ணைப் பெறும்போது, ஓர் ஊரின் ஆஸ்பத்திரியில் ராத்திரி முழுவதும் தனியாகக் கிடந்தாளாம். கத்தினபோது ஒருத்தி வந்து, "பெறும்போது இனித்ததா?" என்பதைப் போன்ற ஒரு வார்த்தையைச் சொல்லித் தொடையில் அறைந்துவிட்டுப் போனாளாம். "வலி மறந்து போச்சுடா. அந்த அறை மறக்கவில்லை" என்றாள். அன்று வெளியே பெஞ்சில் நாமும்தான் உட்கார்ந்திருந்தோம். உள்ளே நடந்தது இந்த இருபத்தாறு வருஷமும் நமக்குத் தெரியாது.

பதிலில் மேலும் நாலு வரி சேர்த்தோம். ஊசி வைத்துக் கொள், தவறில்லை. ரத்தம் உறையாத கோளாறு இருந்தால் மட்டும் வேண்டாம். ஆனால் ஊசி வைத்த பிறகும் தாங்கவில்லையென்றால், முதுகு மருந்தைக் கேட்டு வாங்கிக்கொள். இயற்கை முறை என்ற வீம்பும் வேண்டாம், மருந்து கேட்டால் தோற்றுப்போனோம் என்ற வெட்கமும் வேண்டாம். ஊசியைக் காட்டி மருந்தை மறுக்கிறவர்கள் யாராயினும், அவர்கள் எடின்பரோவில் தீ மூட்டியவர்களின் வாரிசுகள்.

தமக்கை புறப்படுவதாகத்தான் ஏற்பாடு. விசா வந்து சேரவில்லை. காவேரி வெள்ளத்துக்குப் பதில் காகித வெள்ளம். கார்த்திகை பத்தாந் தேதி இரவு முழுவதும் அவள் கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். கூட நாமும் உட்கார்ந்திருந்தோம். விடியற்காலையில் செய்தி வந்தது, பெண் குழந்தை.

நாலு நாள் கழித்து மருமாள் விவரமாக எழுதினாள். ஊசிகள் வைத்து ஐந்து மணி நேரம் வரை சமாளித்தாளாம். வலி குறைந்ததா என்றால் சொல்லத் தெரியவில்லையாம்; பயம் குறைந்தது என்று நிச்சயமாகச் சொல்லலாமாம். பிறகு தாங்க முடியாமல் முதுகு மருந்தைக் கேட்டாள், உடனே கொடுத்தார்கள், ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. மருத்துவச்சி அம்மாள் தன் முறை முடிந்த பிறகும் வீட்டுக்குப் போகாமல் குழந்தை பிறக்கும் வரை இருந்தாளாம். அந்தப் பாஷையில் மருத்துவச்சிக்குப் 'பார்ன்மோர்ஸ்கா' என்று பெயர். 'பார்ன்' என்றால் குழந்தை; 'மோர்' என்றால் தாய்.

தமக்கை எல்லாவற்றையும் கேட்டாள். கண்ணைத் துடைத்துக் கொண்டாள். பிறகு, "உள்ளே குத்தின ஊசியையெல்லாம் திரும்ப எடுத்தார்களா, எண்ணிப் பார்த்தாளா என்று கேட்டு எழுது" என்றாள்.

எழுதினோம். எட்டு வைத்ததாகவும், எட்டையும் எடுத்ததாகவும், ஆஸ்பத்திரிப் புஸ்தகத்தில் இரண்டு முறையும் கணக்கு எழுதிக் கையெழுத்துப் போட்டதாகவும் பதில் வந்தது.